எஸ்பெராந்தோ படிக்க எந்தச் செயலி?

எஸ்பெராந்தோ படிக்கலாம் என்று போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது டூயோலிங்கோவின் பச்சை ஆந்தைதான். காசு கேட்காது. ஐந்து நிமிஷத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். தப்பாகச் சொன்னால் மிரட்டாது. மிரட்டலெல்லாம் ஒருநாள் வராமல் போனால்தான். தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது. ஆனால் இந்த மொழியைக் கற்க அதுதான் சரியான கருவியா என்று கேட்டால், பாதி ஆமாம் என்றுதான் சொல்வேன். மீதிப் பாதிக்கு லெர்னு என்கிற இணையதளமும், ஓர் இலக்கணக் கையேடும், ஒரு துப்பறியும் கதையும் தேவைப்பட்டன. இவற்றை ஆண்ட்ராய்டு போனிலும் வீட்டு லேப்டாப்பிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்.

எஸ்பெராந்தோ சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தரப்போகிறேன். அது ஒரு அடையாளத்துக்கு மட்டும். சரியான உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வார்சாவில் 'டாக்டர் எஸ்பெராந்தோ' என்ற புனைபெயரில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெயருக்கு 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்று பொருள். புனைபெயர் மொழிக்கே ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்த பியாவிஸ்டோக் ஊரில் போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யித்திஷ் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். எல்லாருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தால் என்ன என்பது சிறுவயதிலேயே வந்த யோசனை. 1905-இல் 'ஃபுந்தமெந்தோ' என்ற நூலாக இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் நிலைபெற்றன. அதை யாரும் திருத்தக் கூடாது என்று அதே ஆண்டு பிரான்ஸின் பூலோன்-சூர்-மேர் நகரில் கூடிய முதல் உலக மாநாடு அறிவித்துவிட்டது. ஆக, 120 வருஷமாக அடித்தளத்துக்கு அப்டேட்டே வராத மொழி. சொற்கள் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இலக்கணம் 16 விதிகள் என்று எல்லா அறிமுகங்களிலும் போட்டிருக்கும். கொஞ்சம் விளம்பர வாசனை அடிக்கிற கணக்கு அது. ஐரோப்பிய மொழி ஒன்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அந்த 16 போதும். ஆனாலும் அதில் பொய் இல்லை. பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில், வினையடை 'ஏ'யில். வினைக்கு நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'இஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. நான் செய்தாலும் அவர்கள் செய்தாலும் வினையின் உருவம் மாறாது. லெர்னாஸ் என்றால் கற்கிறேன், கற்கிறாய், கற்கிறார்கள் எல்லாம்தான். யார் என்பதை முன்னால் வரும் பெயர் சொல்லிவிடும். விதிவிலக்கான வினை ஒன்றுகூடக் கிடையாது. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி.

இப்படிப்பட்ட மொழியை எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? விதியைச் சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டும். டூயோலிங்கோ செய்வது நேர்மாறு.

அதன் எஸ்பெராந்தோ பாடம் 2015 மே மாதம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக வந்தது. எஸ்பெராந்தோ ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து உருவாக்கியது. பிறகு ஸ்பானிஷ் வழியாகவும் வந்தது. தமிழ் வழியாக இல்லை. ஆதாமோ, சோஃபியா என்ற இருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து போவார்கள். வாக்கியத்தைப் பார், மொழிபெயர், சரியென்றால் மணியோசை, அடுத்தது. திரும்பத் திரும்பப் பார்த்துக் காது பழகிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் கொள்கை. பிரெஞ்சு போல விதிவிலக்குகள் குவிந்த மொழிக்கு அது நியாயம். அங்கே விதியைச் சொன்னாலும் பாதி நேரம் உதவாது. எஸ்பெராந்தோவில், ஒரே வரியில் சொல்லி முடிக்கக்கூடிய ஒன்றை இருபது வாக்கியங்களை வைத்து ஊகிக்கச் சொல்கிறது.

திரையில் நடப்பதைப் பாருங்கள். 'நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்' என்பதை எஸ்பெராந்தோவில் சொல்ல வேண்டும். கீழே சொற்கட்டங்கள்: மி, மன்ஜாஸ், போமோன், ஹுந்தோ, லா. தட்டினால் போதும், 'மி மன்ஜாஸ் போமோன்'. அந்தப் 'போமோன்' கடைசியில் இருக்கும் 'ன்'தான் இந்த மொழியின் உயிர்நாடி, செயப்படுபொருளின் அடையாளம். அது கட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நீங்கள் அதை யோசிக்கவே இல்லை. மணியோசை மட்டும் கேட்டது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. கட்டங்களுக்குப் பதிலாகத் தட்டச்சு செய்ய ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே அதை அழுத்திவிடுங்கள். வேகம் பாதியாகும், ஆனால் 'ன்' போட வேண்டிய பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு டூயோலிங்கோ வேறொரு செயலி போலத் தெரியும்.

ஒலிப்பதிவுகள் மனிதக் குரலில், நிதானமாக இருக்கின்றன. அதில் குறையில்லை.

இனி, ஆங்கிலக்காரர்களுக்காகச் செய்த பாடத்தைத் தமிழர் படிக்கும்போது என்ன ஆகிறது என்பது. எதைக் கஷ்டம் என்று அவர்கள் நினைத்து மெதுவாக ஊட்டுகிறார்களோ அதெல்லாம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே வாயில் இருக்கிறது. இரண்டாம் வேற்றுமையைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 'கிளாஸ் உடைந்தது', 'கிளாஸை உடைத்தேன்' என்று இரண்டு வினை வைத்திருக்கிறோம். எஸ்பெராந்தோவிலும் 'லா கிளாசோ ரொம்பீஜிஸ்', 'மி ரொம்பிஸ் லா கிளாசோன்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பதால் அங்கே அது ஒரு பெரிய அத்தியாயம். தன்வினை, பிறவினை படித்த நமக்கு ஒரு நிமிஷ வேலை. 'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்' என்பதற்கும் 'அவன் (வேறொருவனான) அவனுடைய மனைவியை நேசிக்கிறான்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு எஸ்பெராந்தோவில் 'சியா', 'லியா' என்று தனித்தனிச் சொல் உண்டு. குடும்பத்தில் குழப்பம் வராமலிருக்க நல்ல ஏற்பாடு. அந்தச் 'சியா' நம்முடைய 'தன்' தவிர வேறில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வினா, சுட்டு முதலான சொற்களின் அட்டவணை. ஐந்து தொடக்கங்கள், ஒன்பது முடிவுகள், மொத்தம் 45 சொற்கள். இதைப் பார்த்ததும் தொடக்க நிலை மாணவர்கள் பலர் மிரண்டு போவதுண்டு. தமிழ்க் கண்ணோடு பாருங்கள். கியே: எங்கே. தியே: அங்கே. இயே: எங்கோ. ச்சியே: எங்கும். நெனியே: எங்குமில்லை. இப்போது முடிவை மாற்றுங்கள். கியாம்: எப்போது. தியாம்: அப்போது. இயாம்: எப்போதோ. ச்சியாம்: எப்போதும். நெனியாம்: எப்போதுமில்லை. கியோம் எவ்வளவு, தியோம் அவ்வளவு. நாம் 'எ', 'அ' என்று முன்னால் மாற்றி, 'ஓ', 'உம்' என்று பின்னால் சேர்த்துச் செய்வதைத்தான் சாமென்ஹோஃப் முன்னாலேயே எல்லாவற்றையும் வைத்துச் செய்திருக்கிறார். 'இங்கே' என்பதற்கு மட்டும் தனி வரிசை இல்லை. 'ச்சி தியே' என்று 'அங்கே'வுக்கு முன்னால் ஒரு துண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த 45-ஐயும் டூயோலிங்கோ பாடங்கள் நெடுகிலும் உதிரியாகத் தூவி வைத்திருக்கிறது. ஒரு தாளில் தமிழோடு கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள், ஒரே மாலையில் கைக்கு வரும்.

நமக்கு இடறுகிற இடங்கள் வேறு. அவற்றை எந்தப் பாடமும் எச்சரிக்காது, நம்மை மனதில் வைத்து யாரும் எழுதவில்லையே.

முதலாவது, அதே 'ன்'. நாம் 'ஆப்பிள் சாப்பிட்டேன்' என்போம். 'ஆப்பிளைச் சாப்பிட்டேன்' என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆப்பிள். உயிரில்லாத, பொதுவான பொருளுக்குத் தமிழில் 'ஐ' விழுந்துவிடும். எஸ்பெராந்தோவில் விழாது. அதனால் பெரிய வாக்கியங்களில் சரியாகப் போட்டுவிட்டு, 'காபி குடித்தேன்', 'படம் பார்த்தேன்' போன்ற சின்ன வாக்கியங்களில்தான் தமிழர் கோட்டை விடுவார். இரண்டாவது, பெயரடை. நமக்கு 'நல்ல' எப்போதும் 'நல்ல'தான். நல்ல புத்தகம், நல்ல புத்தகங்களை. இங்கே போனா லிப்ரோ, போனாய் லிப்ரோய், போனாய்ன் லிப்ரோய்ன் என்று பெயரடையும் கூடவே உடை மாற்றிக்கொள்ளும். இது பழக நாளாகும். மூன்றாவது, ஒலி. ரொட்டிக்கும் குளியலுக்கும் தமிழ் எழுத்தில் 'பானோ' என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். முதலாவதில் 'பல்'லின் ப, இரண்டாவதில் 'பஸ்'ஸின் ப. வீடு, நூலின் ஒரு தொகுதி, இரண்டுமே 'தோமோ'. வகுப்பும் கண்ணாடி டம்ளரும் 'கிளாசோ'. நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கிறவர்கள் இங்கே நிச்சயம் மாட்டிக்கொள்வார்கள். ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள்.

இன்னொரு சங்கடம், 'நி'. நாம் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் பிரித்துப் பேசுகிறவர்கள். சாமென்ஹோஃப் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார். நீ, நீங்கள் இரண்டுக்கும் 'வி' ஒன்றுதான். பெரியவர்களிடம் பேசும்போது முதலில் கூச்சமாக இருக்கும்.

லெர்னு தளத்துக்கு வருவோம். 2002 முதல் இருக்கிறது, முழுக்க இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. பல மொழிகளில் இடைமுகம் உண்டு. நான் ஆங்கிலத்தில் பயன்படுத்தினேன். முதன்மைப் பாடத்தின் பெயர் 'லா தேயோரியோ நாகமுரா', படங்களும் ஒலியும் சேர்ந்த ஒரு தொடர்கதை. கதையைப் படிக்கிறீர்கள், பிறகு அதில் வந்த இலக்கணம் வெளிப்படையாக விளக்கப்படுகிறது, பிறகு பயிற்சி. இந்த வரிசைதான் விஷயம். 'ன்' ஏன் வந்தது என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். புரியாத சொல்லைத் தொட்டால் பொருள் வரும். பயிற்சிகளில் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டும். பார்க்க டூயோலிங்கோ அளவுக்குப் பளபளப்பு இல்லை. போனில் பிரவுசர் வழியாக ஓட்டும்போது கொஞ்சம் நெரிசலாகத் தெரியும், லேப்டாப்தான் சுகம். தினமும் வா என்று கூப்பிடவும் ஆளில்லை. ஒரு வாரம் விட்டுவிட்டால் லெர்னு உங்களை மறந்துவிடும், நீங்களும் அதை மறந்துவிடுவீர்கள். ஆந்தையின் தொல்லைக்கு ஒரு பயன் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சந்தேகம் ஆழமானால் பெர்ட்டிலோ வென்னெர்கிரென் எழுதிய 'பிளேனா மன்லிப்ரோ தே எஸ்பெராந்தா கிராமாதிகோ'. சுருக்கமாக 'பிமெக்'. இணையத்தில் முழுசாக இலவசம். 16 விதி மொழிக்கு நூற்றுக்கணக்கான பக்கத்தில் இலக்கணம்! முழுக்க எஸ்பெராந்தோவிலேயே எழுதியது என்பதால் முதல் வாரத்தில் திறக்காதீர்கள். நாகமுராவைப் பாதி தாண்டியபிறகு திறந்தால், எஸ்பெராந்தோ இலக்கணத்தை எஸ்பெராந்தோவிலேயே படிக்க முடிகிறதே என்ற சந்தோஷமே தனி.

அடுத்து, சொற்கள். சொற்களின் வேர்கள் பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு வழியாகவும், கொஞ்சம் ஜெர்மன், ஸ்லாவிய மொழிகளிலிருந்தும் வந்தவை. ஆங்கிலம் தெரிந்த தமிழருக்குப் பாதி ஊகத்தில் கிடைக்கும். நம் மொழிக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. 'யாரோ' என்றால் அங்கே வருஷம். ஆனால் மனப்பாடச் சுமையைக் குறைக்கும் வித்தை ஒட்டுகளில் இருக்கிறது. 'மால்' முன்னால் வந்தால் எதிர்ப்பதம்: போனா நல்ல, மால்போனா கெட்ட, வார்மா சூடான, மால்வார்மா குளிர்ந்த. 'ஏய்' வந்தால் இடம்: லெர்னேயோ பள்ளிக்கூடம், குயிரேயோ சமையலறை. 'உல்' வந்தால் ஆள். இப்போது 'மால்சானுலேயோ' என்ற சொல்லைப் பிரியுங்கள். சானா ஆரோக்கியமான; மால்சானா நோயுற்ற; மால்சானுலோ நோயாளி; மால்சானுலேயோ நோயாளிகள் இருக்கும் இடம், ஆஸ்பத்திரி. ஐந்து துண்டுகள், ஒரு சொல். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது விளையாட்டு. படிப்பதில் சுகமான இந்த 'மால்' கேட்பதில் அவ்வளவு சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேகமாகப் பேசும்போது அந்த ஓர் அசையைத் தவறவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

சொற்கள் இப்படித் துண்டுகளால் ஆனவை என்பதால், அன்கி போன்ற மனப்பாட அட்டைச் செயலியில் போடும்போது வேர்களையும் ஒட்டுகளையும் மட்டும் அட்டையாக்குங்கள். மற்றவர்கள் செய்து இணையத்தில் போட்ட பெரிய அட்டைக்கட்டுகளில் மால்போனா, மால்வார்மா எல்லாம் தனித்தனி அட்டையாக இருக்கும். ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை காட்டி பயமுறுத்தும். பாதியைத் தூக்கி எறியலாம்.

பெண்பாலுக்கு 'ஈன்' சேர்ப்பது பற்றி விவாதம் உண்டு. பத்ரோ அப்பா, பத்ரீனோ அம்மா. அப்பாவிலிருந்து அம்மாவைச் செய்வானேன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லாத 'ரி' என்ற பிரதிப்பெயரும் அவர்களிடையே புழங்குகிறது. பாடங்களில் பழைய முறைதான்.

படிக்க ஒரு புத்தகம் வேண்டுமென்றால் கிளாட் பிரோன் எழுதிய 'கெர்தா மலாபெரிஸ்'. 1983-இல் வந்த சிறு துப்பறியும் நாவல். கெர்தா என்ற பெண் காணாமல் போகிறாள். தொடக்க நிலை மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டது. முதல் அத்தியாயங்களில் பச்சைக் குழந்தை வாக்கியங்கள், போகப் போகச் சொற்களும் இலக்கணமும் கனக்கும். கதை சுமார் ரகம்தான். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு புதிய இலக்கணக் கூற்றைக் கற்றுக்கொள்ள வைக்கிறது. எந்த மணியோசையும் அதைச் செய்யாது. தலைப்பிலேயே பாடம் இருக்கிறது பாருங்கள்: 'அபெரிஸ்' தோன்றினாள், 'மலாபெரிஸ்' மறைந்தாள்.

தட்டச்சு ஒரு சின்னத் தலைவலி. 28 எழுத்துகளில் ஆறுக்குத் தலையில் குறி உண்டு. போனில் கூகுளின் ஜிபோர்டில் எஸ்பெராந்தோ விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் லேப்டாப்புக்கு 'தய்பி' என்ற சிறு நிரல் இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போட்டால் போதும். எக்ஸ் என்ற எழுத்தே இந்த மொழியில் இல்லாததால் குழப்பம் வராது. லெர்னுவில் அப்படி அடித்தால் தானாகவே குறியிட்ட எழுத்தாக மாறிக்கொள்ளும்.

பேசிப் பழக டூயோலிங்கோவும் லெர்னுவும் போதாது. சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலிகளிடம் எஸ்பெராந்தோவில் எழுதினால் எஸ்பெராந்தோவிலேயே பதில் வரும். கூச்சப்படாமல் உளறிப் பார்க்க நல்ல இடம். அவை சிலசமயம் அகராதியில் இல்லாத சொல்லையும் உண்டாக்கும். வேடிக்கை என்னவென்றால், விதிப்படி உண்டாக்கியிருந்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. மொழியே அதற்கு இடம் தருகிறது. இலக்கணத் தீர்ப்பை மட்டும் அவற்றிடம் கேட்காதீர்கள், பிமெக்கைப் பாருங்கள். மனிதர்கள் வேண்டுமென்றால் 'பஸ்போர்தா செர்வோ' இருக்கிறது. எஸ்பெராந்தோ பேசுகிற பயணிகளுக்கு எஸ்பெராந்தோ பேசுகிறவர்கள் தங்கள் வீட்டில் இலவசமாக இடம் கொடுக்கும் ஏற்பாடு. 1974 முதல் பட்டியல் புத்தகமாக வந்துகொண்டிருந்தது; இப்போது இணையத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். அங்கே போய் இறங்க வேண்டுமானால் கட்டங்களைத் தட்டிப் பழகியது உதவாது.

காசு கொடுத்துச் சந்தா எடுக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டூயோலிங்கோவில் சந்தா கட்டினால் விளம்பரம் போகும். எஸ்பெராந்தோ பாடம் அதே பாடம்தான். வேண்டாம் என்பேன். பாதையின் முதல் சில பகுதிகளைத் தட்டச்சு முறையில் முடித்துவிட்டு லெர்னுவுக்கு மாறிவிடுங்கள், ஆந்தையைத் தினசரி நினைவூட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்கி ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒரு தடவை காசு கட்ட வேண்டும். அதுவும் கொஞ்சம் கூடுதலான தொகை. ஐபோன்காரர்கள் அன்கியைப் பிரவுசரில் திறந்து சமாளிக்கலாம்.